பக்கத்து அறையில் ஜப்பான்

எனக்குப் பொறாமை வந்தால் முதலில் தெரிவது என் சமையலில்தான். உப்பு தூக்கலாகிவிடும். என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனாரின் மனைவி, ஆன்லைனில் ஜப்பானீஸ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த வருடம் எங்கள் வீட்டில் எல்லோரும் நிறையத் தண்ணீர் குடித்தார்கள்.

நாங்கள் இருப்பது காரிமங்கலம் பக்கம். வீடு ஒன்று, வாசல் ஒன்று, அடுப்பு ஒன்று. இரண்டு மருமகள்கள், இரண்டு பேரும் வெளிநாட்டு மொழி டீச்சர்கள். இதைக் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு தங்கள் வீட்டுப் பெண்ணுக்கோ பையனுக்கோ எவ்வளவு ஃபீஸ் ஆகும் என்று விசாரிப்பார்கள். நர்ஸிங் முடித்த பெண்கள் இங்கிருந்து ஜெர்மனிக்குக் கிளம்புகிறார்கள், டிப்ளமோ முடித்த பையன்கள் ஜப்பானுக்கு. போவதற்கு முன்னால் அந்த ஊர் மொழியில் பரீட்சை எழுதியாக வேண்டும். பெண்களுக்கு நான், பையன்களுக்கு அவள்.

பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் நான் ஜெர்மன் படித்தேன். மாமனார் படுத்த படுக்கையானபோது ஊருக்குத் திரும்பினோம். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே, மாடியில் ஒரு கோச்சிங் சென்டர். அங்கே ஒரு வெள்ளைப் பலகை, ஒரு மார்க்கர், கால் ஆடும் பெஞ்சுகள். அவ்வளவுதான் என் சாமான். அவள் ஓசூர்க்காரி. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வளர்ந்தவள். நாலாவதாக ஒரு மொழியை ஏதோ தொழிற்சாலை வேலையில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். சில பேருக்கு நாக்கில் இடம் நிறைய இருக்கும் போல.

அவள் வகுப்பு எங்கள் படுக்கையறைக்குப் பக்கத்து அறையில் நடக்கும். நான் சென்டரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, செருப்பைக் கழற்றும்போது அந்த அறையிலிருந்து கைதட்டல் கேட்கும். நிஜக் கைதட்டல் இல்லை. கேள்விக்குச் சரியான பதிலை அமுக்கினால் போன் கைதட்டும், டிரம் அடிக்கும், கலர் காகிதம் தூவும். யார் முதலிடம், யார் இரண்டாமிடம் என்று பெயர்கள் மேலும் கீழும் ஏறி இறங்கும். ஒரு சக்கரம் வைத்திருந்தாள். அதைச் சுற்றிவிட்டால் யாராவது ஒருவர் பெயரில் வந்து நிற்கும், அவர்தான் பதில் சொல்ல வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதும் பலகை ஒன்று. ஆளுக்கு ஒரு படமாகக் காட்டும் அட்டைகள். உலகம் பூராவும் இருக்கும் டீச்சர்கள் தங்கள் பாடத்தை எல்லாம் இலவசமாகப் போட்டு வைத்திருக்கும் ஒரு தளம். அதிலிருந்து எடுத்து, கொஞ்சம் மாற்றி, அரை மணி நேரத்தில் மறுநாள் வகுப்பைத் தயார் செய்துவிட்டுத் தலைசீவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் ஒரு பாடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் குனிந்து எழுதுவேன்.

அவளுடைய பையன்கள் சிரிப்பார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் வகுப்பில் யாரும் சிரித்ததில்லை. டியூட்டி முடித்து வந்த பெண்கள், கண்ணைத் திறந்து வைத்துக்கொள்வதே பெரிய காரியம்.

எங்கள் மாமியார் இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் நடத்துவார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கல்யாண வீடுகளில் உறவுக்காரர்கள் கேட்டால் சின்னவள் ஜப்பானுக்கே பாடம் எடுக்கிறாள் என்பார். பெரியவளா, அவள் டவுனுக்குப் போய்விட்டு வருகிறாள் என்பார். பஸ்ஸில் போனால் ஜெர்மன் சின்னதாகிவிடுகிறது, அறைக்குள் உட்கார்ந்தால் ஜப்பான் பெரிதாகிவிடுகிறது. இதைக் கணவரிடம் சொன்னால் குழம்பில் உப்பைக் குறை என்கிறார்.

இப்படி இருக்கும்போதுதான் சென்டர் ஓனர் ஒரு நாள் கூப்பிட்டு, இனிமேல் ஜெர்மன் வகுப்பும் ஆன்லைன்தான் என்றார். பெண்களுக்கு டியூட்டி மாறி மாறி வருகிறது, பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்தும் பொம்மிடியிலிருந்தும் தருமபுரி வந்து திரும்ப முடியவில்லை, அவர்களே கேட்கிறார்கள் என்றார். மறுப்பதற்கு ஒன்றுமில்லை. கூடவே இன்னொன்றும் சொன்னார். இந்த பேட்ச் பரீட்சை முடிக்கும்வரை பார்ப்போம், பெண்கள் ஒட்டினால் அடுத்த பேட்ச்சும் உங்களுக்கு, இல்லையென்றால் வேறு ஏற்பாடுதான்.

வேறு ஏற்பாடு என்றால் எனக்கு வேலை இல்லை என்று அர்த்தம். எனக்கு இந்த ஊரில் இருக்கும் ஒரே அடையாளம் அந்த வகுப்புதான். அதுவும் போனால் நான் பெரிய மருமகள், அவ்வளவே.

பக்கத்து அறையில் எல்லா வித்தையும் தெரிந்த ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். கதவைத் தட்டி, கொஞ்சம் சொல்லிக்கொடும்மா என்று கேட்டிருந்தால் ஒரு மணி நேர வேலை. கேட்பேனா? நானே பார்த்துக்கொள்கிறேன் என்று போனை எடுத்து உட்கார்ந்தேன்.

இங்கே எங்கள் வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாமனார் போய் வருடங்கள் ஆகியும் கரண்ட் பில் அவர் பெயரில் வருகிறது. கேஸ் அவர் பெயரில், பட்டா அவர் பெயரில். இந்த வேலைகளுக்காக என் கொழுந்தனார் அவர் பெயரிலேயே ஒரு மெயில் ஐடி தொடங்கியிருந்தார். வீட்டில் யாருக்கு எது தேவைப்பட்டாலும் அதிலேயேதான் நுழைவோம். தனித்தனியாக எதற்கு என்று யாரும் யோசித்ததுகூட இல்லை. நானும் அதிலேயே நுழைந்தேன். மீட்டிங் என்று ஒரு இடத்தை அமுக்கியதும் ஒரு லிங்க் வந்தது. அதைக் காப்பி செய்து பெண்களின் குரூப்பில் போட்டேன். ஏழு மணிக்கு வந்துவிடுங்கள் என்று எழுதினேன். இவ்வளவுதானா, இதற்கா இவ்வளவு பீற்றல் என்று தோன்றியது.

ஒரு ஐடிக்கு நிரந்தரமாக ஒரே ஒரு ரூம்தான் என்பது எனக்குத் தெரியாது. அந்த ரூமில்தான் அவள் தினமும் ஜப்பான் நடத்துகிறாள் என்பதும் தெரியாது.

ஏழு மணிக்குப் புதுப் புடவை கட்டிக்கொண்டு லிங்க்கை அமுக்கினேன். திரையில் வரிசையாகப் பையன்கள். ஒருவன் துண்டு போர்த்தியிருந்தான், ஒருவன் எதையோ மென்றுகொண்டிருந்தான். நர்ஸிங்கில் இவ்வளவு பையன்கள் எப்போது சேர்ந்தார்கள் என்று ஒரு நிமிடம் குழம்பினேன். ஆனாலும் டீச்சர் ஆயிற்றே, ஜெர்மனில் மாலை வணக்கம் சொன்னேன். எல்லோரும் தலையைக் குனிந்து ஜப்பான் முறையில் வணங்கினார்கள். அதற்குள் என் பெண்களும் ஒவ்வொருவராக உள்ளே வந்துவிட்டார்கள். திரையின் மூலையில் என் மாமனார் பெயர் இரண்டு தடவை. ஓரகத்தியின் குரல் போனிலிருந்து ஒரு தரம், சுவரிலிருந்து ஒரு தரம் கேட்டது.

நானாக இருந்தால் எல்லோரையும் வெளியே போகச் சொல்லியிருப்பேன். அவள் சிரித்தாள். எல்லோரும் வாங்க, வந்தது வந்துட்டீங்க என்றாள். சக்கரத்தில் இரண்டு பக்கத்துப் பெயர்களையும் போட்டுச் சுற்றினாள். பாப்பிரெட்டிப்பட்டிப் பெண் ஒருத்தி, துண்டு போர்த்தியவனுக்கு ஜெர்மனில் பெயர் சொல்லப் பழக்க வேண்டும். அவன் அவளுக்கு ஜப்பானீஸில். கால் மணி நேரம் அந்த ரூம் கலகலத்துப் போனது. பிறகு எனக்கு வேறு லிங்க் ஒன்றை எடுத்து அனுப்பி, என் பெண்களை அழகாக என் பக்கம் தள்ளிவிட்டாள். நாங்கள் தனியாக உட்கார்ந்ததும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, அந்த மேடம் யாருங்க மிஸ் என்பதுதான்.

அடுத்த வாரமே குரூப்பில் கோரிக்கை வந்துவிட்டது. அந்த மேடம் ஒரு பத்து நிமிடம் நம்ம கிளாஸுக்கும் வருவார்களா, கேம் மட்டும். போட்டது ஒருத்தி, கீழே எல்லோரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். வகுப்பு என்னிடம் ஒட்ட வேண்டும், ஓனர் கண்காணித்துக்கொண்டிருக்கிறார். வேறு வழியில்லாமல் ஓரகத்தியிடம் கேட்டேன். கடுகு தாளித்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன். எங்க கிளாஸை அரை மணி தள்ளி வெச்சுட்டு வர்றனுங்க அக்கா என்று உடனே சொல்லிவிட்டாள். கொஞ்சம் பிகு பண்ணியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பத்து நிமிடம் இருபதாயிற்று. நான் வார்த்தைகளை எழுதிக் கொடுப்பேன், அவள் அதைப் படமாக, போட்டியாக, பாட்டாக மாற்றிவிடுவாள். ஊசி, கட்டு, ரத்த அழுத்தம், தலைசுற்றல், எல்லாம் என் வார்த்தைகள். அவளுக்கு ஜெர்மன் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் பெண்கள் சிரிப்பது அவளைப் பார்த்துத்தான். திரையில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் தெரிவோம். நான் கல்யாண போட்டோவில் ஓரமாக நிற்கிற ஒன்றுவிட்ட அத்தை மாதிரி இருப்பேன்.

ஒரு நாள் ஓனர் தன் ஸ்டேட்டஸில் விளம்பரம் வைத்தார். சிரித்துக்கொண்டே ஜெர்மன் கற்கலாம் என்று எழுதி, கீழே போட்டோ. அவளுடைய போட்டோ. நான் அதை எத்தனை தரம் திறந்து பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

அந்த வகுப்பில் பொம்மிடிப் பெண் ஒருத்தி இருந்தாள். சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை, தினமும் ரயிலில் போய் வருகிறவள். ஏற்கனவே ஒரு முறை பரீட்சை எழுதி, படிப்பது, எழுதுவது, கேட்பது எல்லாவற்றிலும் தேறி, பேசுவதில் மட்டும் போய்விட்டது. என்னிடம் படித்துத்தான் போனாள். அதனால் அவள் எனக்கு ஒரு முள். அவள் எங்கள் போட்டிகளில் எப்போதும் முதலிடம். நாலு பதிலில் சரியானதை அமுக்குவதற்கு அவள் விரல் அப்படிப் பறக்கும். அவள் பெயர் மேலே ஏறும்போதெல்லாம் ஓரகத்தி பெருமையாக என்னைப் பார்ப்பாள்.

அந்தப் பேச்சுப் பரீட்சை எப்படி என்றால், இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்து ஒரு காரியத்தைச் சேர்ந்து திட்டமிடச் சொல்வார்கள். கூட வேலை செய்கிறவருக்கு ஒரு பிரிவு விருந்து வைக்க வேண்டும், எப்போது, எங்கே, என்ன சாப்பாடு என்று பேசி முடிவு செய்ய வேண்டும். ஒருவர் சனிக்கிழமை என்றால் இன்னொருவர், சனிக்கிழமை எனக்கு ஆகாது, ஞாயிறு வைப்போம், ஏனென்றால் இப்படி இப்படி என்று மறுத்துப் பேச வேண்டும். மறுத்தால்தான் மார்க்.

இங்கேதான் எங்கள் ஊர்ப் பெண்கள் விழுந்துவிடுகிறார்கள். மறுத்துப் பேசி அவர்களுக்குப் பழக்கமே இல்லை. அப்பா சொன்னால் சரிங்க, டாக்டர் சொன்னால் சரிங்க, மாமியார் சொன்னால் சரிங்க அத்தை. பொம்மிடிப் பெண் அந்தப் பரீட்சையில் எதிரே இருந்தவர் சொன்னதற்கெல்லாம் ஜெர்மனில் சரிங்க சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். எதிரே இருந்தவருக்கு நல்ல மார்க்.

ஒரு நாள் போட்டி முடிந்ததும் அவளை இந்த மாதிரிப் பேசச் சொன்னேன். முதலிடத்தில் நின்றவள் திக்கித் திணறி, திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், நாலு பதில் எப்போது வரும் என்பது போல. எனக்கு உள்ளுக்குள் ஜிலுஜிலு என்று ஒரு சந்தோஷம். பார்த்தாயா, கைதட்டினால் போதுமா என்று பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தேன். அவள் வருத்தமாக அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிம்மதியாகச் சந்தோஷப்படக்கூட விடமாட்டாள்.

இவளை நான்தான் தேற்றுவேன் என்று முடிவு செய்தேன். சாயங்காலம் அவள் சேலத்திலிருந்து ரயில் ஏறியதும் போன் செய்வேன். வெறும் போன், எந்த ஆப்பும் கிடையாது. நான் எதிராளி, அவள் மறுத்துப் பேச வேண்டும். சனிக்கிழமை வைப்போமா என்பேன் ஜெர்மனில். சரிங்க என்பாள் ஜெர்மனில். மறுக்கணும் என்று தமிழில் சொல்வேன். சரிங்க மிஸ் என்பாள். காலையில் ஆறு மணிக்கு விருந்து வைப்போமா என்றேன், சரிங்க. சாப்பாடே வேண்டாம் என்றேன், சரிங்க. ஐசியூவில் வைப்போம் என்றேன். அதற்கும் நல்ல யோசனை என்று தெளிவான ஜெர்மனில் சொன்னாள். நான் கத்திவிட்டேன். அதற்குள் சிக்னல் போய்விட்டது. போகாவிட்டாலும் அவள் சரிங்க மிஸ் என்றுதான் சொல்லியிருப்பாள்.

இரண்டு வாரம் இப்படியே போனது. பிறகு அவளே, கொஞ்ச நாள் போன் வேண்டாங்க மிஸ், டியூட்டி ஜாஸ்தி என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுவிட்டேன்.

பரீட்சைக்கு முந்தின வாரம் அவளாகக் கூப்பிட்டாள். பேசிப் பார்க்கலாமா மிஸ் என்றாள். வழக்கம்போல சனிக்கிழமை என்றேன். முடியாதே, சனிக்கிழமை எனக்கு நைட் டியூட்டி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் எல்லோருக்கும் வசதி என்றாள், ஜெர்மனில், மடமடவென்று. ஹோட்டலில் வைப்போம் என்றேன். ஹோட்டல் செலவு, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் ஹாலைக் கேட்போம் என்றாள். கேக் என்றேன், கேக் யார் சாப்பிடுவார்கள், பிரியாணி என்றாள். நான் எங்கே போனாலும் குறுக்கே வந்து நின்றாள். யார்கிட்டம்மா இப்படிப் பழகினே என்று தமிழில் கேட்டேன்.

உங்க வூட்டு மேடம் ஒரு ஆப் போட்டுக் குடுத்தாங்க மிஸ் என்றாள். நாம் பேசினால் அதுவும் ஜெர்மனில் திரும்பப் பேசுமாம். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து தினமும் அதனுடன் சண்டை போட்டிருக்கிறாள்.

"அதுகிட்ட மாட்டேன்னு சொன்னா கோவிச்சுக்காதுங்க மிஸ்," என்றாள். "உங்ககிட்ட எப்படிங்க மாட்டேன்னு சொல்றது?"

நல்லது, அப்படியே பேசு என்று வைத்துவிட்டேன். அன்றைக்கு ரசத்தை யாரும் வாயில் வைக்க முடியவில்லை.

இதுவரை ஒரு மனுஷிமேல் பொறாமைப்பட்டேன், அதில் ஒரு மரியாதை இருந்தது. இனி ஒரு போன் குரல்மேலும் பொறாமைப்பட வேண்டும். அதற்கு வயிறு இல்லை, அலுப்பு இல்லை, பஸ் பிடிக்க வேண்டியதில்லை. நாள் முழுக்க யார் வாய்க்கு வந்ததைச் சொன்னாலும் பொறுமையாகக் கேட்கும். அப்படிப்பட்டதோடு நான் எங்கே போட்டி போட? ஒரு மத்தியானம் நானும் அதைத் திறந்து பேசிப் பார்த்தேன். என் உச்சரிப்பு மிக அருமை என்றது. எல்லோரிடமும் இதையேதான் சொல்லும் என்று தெரியும். ஆனாலும் என் ஜெர்மனை யாரும் பாராட்டிப் பல வருடம் ஆகியிருந்தது. கொஞ்ச நேரம் கூடுதலாகப் பேசிவிட்டுத்தான் மூடினேன்.

அந்தப் பெண் சென்னைக்குப் பரீட்சை எழுதப் போயிருந்தபோது ஓனர் எங்கள் வீட்டுக்கே வந்தார். காபி குடித்தார். அடுத்த பேட்ச்சுக்கு நிறையப் பேர் கேட்கிறார்கள் என்றார். என்னைப் பார்த்து, நீங்க பாடத்தை எழுதிக் குடுத்துடுங்க மேடம், சின்ன மேடம் நடத்தட்டும் என்றார். எல்லாப் பாடமும் இப்போது நெட்டில் ரெடியாகவே கிடைக்கிறது, சந்தேகம் வந்தால் பக்கத்து அறையில் நீங்கள் இருக்கிறீர்கள், பெண்களுக்கும் சின்ன மேடத்தைத்தான் பிடித்திருக்கிறது. ஒரு மொழி தெரியாமலே அந்த மொழியை நடத்தச் சொல்கிறாரே என்று நான் வாயைத் திறப்பதற்குள், யோசிச்சுச் சொல்றனுங்க சார் என்றாள் ஓரகத்தி.

மாட்டேன் என்று சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறாளாம். அவர் போன பிறகு நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவள் மாவாட்டினாள், நான் வெங்காயம் அரிந்தேன். ஒரே அடுக்களையில் பல நாள் அந்த விஷயத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். என் பெண்கள், என் வகுப்பு. ஒரு சொல் கேட்டிருந்தால் உடைந்திருக்கும். கேட்டு, அவள் சரி என்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் கேட்கவில்லை.

பொம்மிடிப் பெண் தேறிவிட்டாள். பேச்சில் நல்ல மார்க். போனில் சொல்லிவிட்டு அழுதாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பொம்மிடியிலிருந்து பஸ் மாறி மாறி, ஒரு தட்டில் பழமும் பூவும் இனிப்பும் வைத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள்.

வாசலில் அவளைப் பார்த்ததும் ஓரகத்தி அப்படியே நின்றுவிட்டாள். இவ்ளோ நெட்டையா நீங்க என்றாள். திரையில் அவளுக்கு முகம்தானே தெரியும். நானோ அவளை மாடிப் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருக்கப் பார்த்தவள். அந்தப் பெண் ஒரு கணம் இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு தட்டை என்னிடம்தான் நீட்டினாள். பெரியவள் என்ற முறைக்காகவா, டீச்சர் என்பதற்காகவா என்று நான் ஆராயவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

ஓரகத்தி அவளை விடவேயில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தோசை சுடச் சுடப் போட்டாள், சட்னி ஊற்றினாள். தலைமுடி எவ்வளவு நீளம், செருப்பு என்ன அளவு, ஜெர்மனியில் குளிருக்கு என்ன போடுவாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இன்னொரு தோசை வைத்துக்கொள் என்று மாமியார் சொன்னார். வேண்டாங்க, வயிறு நெறைஞ்சிடுச்சு, இதுக்கு மேல சாப்பிட்டா பஸ்ஸுல சிரமம் என்றாள் அந்தப் பெண், காரணத்தோடு, பளிச்சென்று. எங்கள் வீட்டில் மாமியார் வைக்கும் தோசையை யாரும் மறுத்ததில்லை. அவர் கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் இரண்டு பேருமாக மெயின் ரோட்டுக்குப் போய் அவளைத் தருமபுரி பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக்கொண்டே போனாள். பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகும் ஓரகத்தி நகரவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் எத்தினி பசங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கறங்க அக்கா," என்றாள். "ஒருத்தன்கூட வூட்டுக்கு வந்ததில்லைங்க. ஊருக்குப் போனதும் குரூப்ல ஒரு கும்பிடு போட்டுட்டு வெளிய போயிடறாங்க. ரோட்டுல எதிர்ல வந்தாக்கூட எனக்கு அடையாளம் தெரியாது."

வெயில் இறங்கிவிட்டிருந்தது. லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"அந்த சாருக்கு வேண்டாம்னு சொல்லிடலாம்னுதான் இருந்தனுங்க," என்றாள். "இன்னிக்கு இந்தப் பொண்ணு வந்து உக்காந்து சாப்ட்டதைப் பாத்ததும் ஆசையாயிடுச்சு. அடுத்த பேட்ச்ச எனக்குக் குடுத்துடுங்க அக்கா. நீங்க நெறையப் பேரைப் பாத்துட்டீங்க."

இத்தனை நாள் கேட்காமல் இருந்ததை அவளே கேட்டுவிட்டாள். அதுவும் கெஞ்சலாக. வீட்டில் எல்லோருக்கும் செல்லம், கைதட்டல், ஸ்டேட்டஸில் போட்டோ, எல்லாம் இருக்கிறவள் என்னிடம் இருக்கும் ஒன்றைக் கேட்கிறாள். பெரிய மனது பண்ணிக் கொடுத்துவிடு என்று யாராவது சொல்வார்கள். அந்த யாரோ ஒருவர் நான் இல்லை.

"மாட்டேன்," என்றேன்.

விளையாட்டா என்று என் முகத்தைப் பார்த்தாள். இல்லை என்று தெரிந்ததும் அவள் முகம் மாறியது.

"அப்ப நான் அந்த சார்கிட்ட நேராவே கேட்டுக்கறனுங்க," என்றபடி போனை எடுத்தாள்.

நானும் எடுத்தேன். கரண்ட் பில் தொடங்கி எல்லாவற்றையும் ஒன்றாகவே வைத்துக்கொண்டு ஒரே அடுப்பில் சமைக்கிற இரண்டு மருமகள்கள், காரிமங்கலம் ரோட்டோரத்தில் எதிரெதிரே நின்று ஒரே ஆளுக்குப் போன் போட்டோம். எனக்குத்தான் முதலில் எடுத்தார். நான் மூச்சு விடாமல் சொன்னேன். அடுத்த பேட்ச் என்னுடையது, பாடமும் நானே, கேமும் நானே, சக்கரம் சுற்றுவதை நான் கற்றுக்கொள்கிறேன், சின்ன மேடம் வரமாட்டார். பொம்மிடிப் பெண் தேறிய செய்தி அவருக்கும் போயிருக்கும். சரிங்க மேடம், உங்க பேரையே போட்டுடறேன் என்றார்.

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தேன். அவள் இன்னும் தன் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். பிஸி என்று வந்துகொண்டிருந்திருக்கும். உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணை இடுக்கி, என் கையில் இருந்த போனையே பார்த்தாள். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அவள் இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்த நாளிலிருந்து நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த முகம்.